விற்றது ஒரு படம், காலண்டரில் வந்தது இன்னொரு படம். விலை, உரிமை, பகிர்வு பற்றிச் சொல்லுங்கள்

ஈரத்தாள், கும்பகோணம்

வணக்கம். இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான். இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். மீதி நேரம் நீர்வண்ணம். அரசு கவின் கலைக் கல்லூரி இதே ஊரில் இருந்தும் நான் படித்தது பி.காம்., வீட்டு நிலவரம் அப்படி. ஊர்த் தெருக்களைத்தான் வரைவேன். பாத்திரக் கடை வாசல், மகாமகக் குளத்துப் படி, மழைக்கு ஒதுங்கி நிற்கிற ஆட்டோக்கள். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டால் "அருமை மேடம்" என்று நாற்பது பேர் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் வருஷத்துக்கு மூன்று பேர். அதில் இரண்டு பேர் சொந்தக்காரர்கள்.

போன ஆவணியில் சாரங்கபாணி கோவில் கோபுரம் தெரிகிற மாதிரி ஒரு விடியற்காலைத் தெரு வரைந்தேன். 15க்கு 22 அங்குலம். இடது ஓரத்தில் பால் கேன் மாட்டிய சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். உண்மையில் அங்கே சைக்கிளே கிடையாது. சுவருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது தூரிகையிலிருந்து ஒரு சொட்டு நீலம் விழுந்துவிட்டது. ஒற்றியெடுத்தும் போகவில்லை. அதை மறைக்கத்தான் சைக்கிள் வந்தது.

படத்தைப் பார்த்துவிட்டு உள்ளூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "இதே மாதிரி பெரிசா ஒண்ணு வேணும், கல்லாவுக்குப் பின்னாடி மாட்டணும்" என்றார். எவ்வளவு என்று கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "நீங்களே பார்த்துக் கொடுங்க சார்" என்று சொல்லித் தொலைத்தேன். 22க்கு 30, முழுத்தாள், ஒன்பது நாள் வேலை. மூவாயிரம் கொடுத்தார். தாள், வண்ணம், கண்ணாடி போட்ட செலவு மட்டுமே ஆயிரத்து எண்ணூறு.

பெரிய படத்தை ஆரம்பிக்கும் முன்பு, "பழைய படத்தை ஒருவாட்டி அனுப்புங்க மேடம், டாக்குமென்டா அனுப்புங்க, சும்மா அனுப்பினா மங்கலாத் தெரியுது" என்று கேட்டிருந்தார். நானும் வாட்ஸ்அப்பில் முழு ஃபைலையும் அனுப்பினேன்.

ஜனவரி முதல் வாரம் பக்கத்து வீட்டு மாமி கையில் ஒரு தினசரி காலண்டர். "உன் படம் மாதிரியே இருக்கேடி" என்றார். மாதிரி என்ன மாதிரி, என் படமேதான். கீழே வலது மூலையில் நான் கையெழுத்துப் போட்டிருந்த இடத்தில் கடையின் போன் நம்பர்.

சண்டை போடுகிற ஆள் இல்லை நான். ஆனால் மூன்று நாளாகத் தூரிகையைத் தொடவில்லை. படத்தை வாங்கியவருக்கு அச்சடிக்கிற உரிமையும் சேர்ந்து போய்விடுமா? விலையை எப்படித்தான் வைக்கிறீர்கள்? இனிமேல் இணையத்தில் படமே போடக் கூடாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மரச்சட்டம், மதுரை

ப்ரேம் கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீர்வண்ணத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து ப்ரேம் போட்டுக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுங்கள். நடுவில் மவுன்ட் அட்டை இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் ஒரு மழைக்காலத்தில் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடைகளில் பாதிப் பேர் இதைச் செய்ய மாட்டார்கள், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். காலண்டர் விஷயம் எனக்குத் தெரியாது, பெரியவர்கள் வருவார்கள்.


பழைய தூரிகை, சென்னை

தங்கச்சி, முதலில் உன் கணக்கை நீயே ஒருதரம் போட்டுப் பார். மூவாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறு செலவு. மீதி ஆயிரத்து இருநூறு, ஒன்பது நாள். நாளுக்கு நூற்று முப்பத்து மூன்று ரூபாய். உன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் இந்தக் கூலிக்கு ஏணியைத் தொட மாட்டார்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரே அளவில் இரண்டு எண்ணெய் ஓவியம். ஒன்றை ஒரு டாக்டருக்கு எட்டாயிரத்துக்குக் கொடுத்தேன், இன்னொன்றை அலுவலக நண்பனுக்கு ஐயாயிரத்துக்கு. இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரசம் வருவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. டாக்டர் அதற்கப்புறம் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. நண்பனுக்கும் சந்தோஷமில்லை, மட்டமான படத்தைத் தலையில் கட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து சதுர அங்குலக் கணக்குதான். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கு, ஒரு ரேட் வை. உனக்கு இப்போதைக்கு பன்னிரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள். 15க்கு 22 என்றால் 330 சதுர அங்குலம், 3,960 ரூபாய். 22க்கு 30 என்றால் 660, அது 7,920. ப்ரேம் தனி, கூரியர் தனி. ரொம்பப் பெரிய படத்துக்கு ரேட்டைக் கொஞ்சம் இறக்கலாம், சின்னதற்கு ஏற்றலாம். இது கலைக்கு மதிப்புப் போடுகிற முறை இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். "எவ்வளவு மேடம்" என்று கேட்ட அடுத்த நொடியில் வாயிலிருந்து ஒரு எண் வர வேண்டும், இது அதற்கு மட்டும்தான். விற்க விற்க ரேட்டை ஏற்று. ஒருபோதும் இறக்காதே, ஏற்கெனவே வாங்கியவர் முகத்தில் முழிக்க முடியாது. சொந்தக்காரருக்குச் சலுகை தருவதென்றால் முழு விலையையும் பில்லில் எழுதி, கழிவை அதன் கீழே எழுது. சித்தி என்றாலும் பில் உண்டு.

கேலரியில் வைத்தால் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அவர்களுக்குப் போகும். அதைக் கேட்டு வயிறு எரிந்து, வீட்டில் வந்து வாங்கினால் பாதி விலை என்று சொல்லிவிடாதே. ஒரு தடவை தெரிந்தால் அந்தக் கதவு அடைத்துவிடும். இங்கே சென்னையில் லலித் கலா அகாடமியின் கிரீம்ஸ் சாலை மையம் மாதிரி இடங்களில் வாடகைக்குக் கூடம் எடுத்து நாமே கண்காட்சி வைக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து எடுங்கள், தனியாக எடுத்தால் டீச் செலவே கையைக் கடிக்கும்.

அப்புறம், விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று கூச்சப்படாதே. 1966ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தபோது அங்கே இருந்த ஓவியர்கள் மெழுகு வைத்துச் சாயமேற்றுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தங்கள் படங்களை வரைந்தார்கள். உன் ஓவிய வகுப்பும் அந்த வகைதான்.

இதையெல்லாம் விட முக்கியம் ஒரு நோட்டுப் புத்தகம். இருநூறு பக்கம், லாங் சைஸ், ரூல் போட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண். அளவு, எதில் வரைந்தது, முடித்த தேதி, யாரிடம் போனது, எவ்வளவுக்கு. படத்தின் பின்பக்கம் அதே எண்ணைப் பென்சிலில் எழுது. எனக்கு இந்தப் புத்தி நாற்பது வயதில்தான் வந்தது. அதற்கு முன்னால் வரைந்ததில் பாதி யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதென்றே தெரியாது. ஒரு கண்காட்சிக்கு இரவல் கேட்கலாம் என்று தேடியபோது ஒரு வீடே இடிந்து அடுக்குமாடி வந்திருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். காலண்டரில் இருப்பது பெரிய படமா, சின்னப் படமா?


ஈரத்தாள்

அண்ணா, கணக்கைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் காட்டினேன். "நூத்தி முப்பத்தி மூணா?" என்று அவரும் ஒரு தடவை பெருக்கிப் பார்த்தார்.

நீங்கள் கேட்ட பிறகுதான் காலண்டரை உற்றுப் பார்த்தேன். இடது ஓரத்தில் சைக்கிள் இருக்கிறது. பெரிய படத்தில் நான் சைக்கிள் வரையவே இல்லை. அதில் சொட்டும் விழவில்லை, அங்கே ஒரு கோலம்தான் போட்டிருந்தேன். அப்படியென்றால் அவர்கள் அச்சடித்தது நான் டாக்குமென்டாக அனுப்பிய சின்னப் படத்தை. அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. விற்கவே இல்லை!


சட்டக்கல், திருச்சி

அந்த சைக்கிளை விட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

பதிப்புரிமைச் சட்டம் 1957 என்ன சொல்கிறதென்றால், படத்தை வரைந்தவர்தான் அதன் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தயாராக இருக்கிற படத்தை ஒருவர் வாங்கினால் அவருக்குக் கிடைப்பது அந்தத் தாள்தான். மாட்டலாம், பரிசு கொடுக்கலாம், மறுபடி விற்கலாம். காலண்டரோ பையோ அச்சடிக்க முடியாது, அதற்கு உங்கள் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும்.

ஆனால் 17ஆம் பிரிவில் ஒரு குழி இருக்கிறது, ஓவியர்கள் பலரும் அதில் விழுகிறார்கள். ஒருவர் காசு கொடுத்து, எனக்காக இதை வரைந்து கொடு என்று சொல்லி வரைய வைத்த ஓவியமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமை அவருக்கே முதலில் போகும். அதாவது உங்கள் பெரிய படத்தைக் காலண்டராகப் போட்டிருந்தால், நான் தட்டிக் கேட்கச் சொல்லியிருக்க மாட்டேன். (பெரியதே சின்னதைப் பார்த்து வரைந்ததுதானே என்று வாதாடலாம். ஒரு காலண்டருக்காக அவ்வளவு தூரம் போவானேன்.) அவர்கள் எடுத்ததோ அவர்கள் வாங்காத, வரையச் சொல்லாத படம். அது முழுக்க உங்களுடையது.

இனிமேல் யாராவது சொல்லி வரைந்தால் பில்லிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது, அச்சடிக்கத் தனி அனுமதி தேவை." அவரிடமும் ஒரு கையெழுத்து. அனுமதி கொடுக்கும்போதும் எதற்கு, எத்தனை பிரதி, எந்த வருஷம் என்று எழுதுங்கள். 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதிப்புரிமையின் முதல் உரிமையாளராக இருந்த ஓவியரின் மூலப்படம் பின்னாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் அதில் அவருக்குப் பங்கு கேட்கும் உரிமை உண்டு. தேடி வந்து யாரும் தரப்போவதில்லை. ஆனாலும் பெரியவர் சொன்ன நோட்டுப் புத்தகம் இல்லாமல் அதைக் கேட்கவே முடியாது.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். சின்னப் படத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.


ஓரச்சாய்வு, கோவில்பட்டி

எதிர்க்கருத்து ஒன்று, கோபப்படாதீர்கள். எங்கள் ஊர்க் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போகாமல் இருந்திருந்தால் அவர் பெயர் யாருக்குத் தெரியும்? ரவி வர்மாவும் 1894ல் தானே பம்பாயில் அச்சகம் போட்டார். மூலப்படத்தைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் என்றால் அச்சுப்படத்தைக் கும்பிட்டவர்கள் லட்சம் பேர். காலண்டரில் வந்தது ஒரு வகையில் உங்களுக்கு விளம்பரம்தானே?


பழைய தூரிகை

தம்பி, கொண்டையராஜு படங்களில் அவர் கையெழுத்து இருக்கும், எடுத்துப் பார். ரவி வர்மா அச்சகம் அவருடையது. இங்கே கையெழுத்து இருந்த இடத்தில் போன் நம்பர் இருக்கிறது. விளம்பரம் யாருக்கு?


ஓரச்சாய்வு

சரி, அது நியாயம். கையெழுத்தை எடுத்ததை நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.


சந்தைக்கூடை, பெங்களூர்

அக்கா, இணையத்தில் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு வந்த வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள்தான். எப்படிப் போடுகிறோம் என்பதை மாற்றினால் போதும்.

நீளமான பக்கம் 1,200 பிக்சலுக்கு மேல் போகாமல் சுருக்கிப் போடுங்கள். போனில் பார்க்க அழகாக இருக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் கேட்பார்கள், அந்தக் கணக்கில் நான்கு அங்குலம்தான் வரும். காலண்டர் அட்டைக்குப் பெரிதாக்கினால் பிசிறடிக்கும். படத்தின் குறுக்கே பெரிய வாட்டர்மார்க் போடாதீர்கள், பார்க்கிறவருக்கும் எரிச்சல், இப்போதெல்லாம் அதை அழிப்பதும் சுலபம். முழு ஃபைலை யாருக்கும் அனுப்ப வேண்டாம், "டாக்குமென்டா அனுப்புங்க" என்று யாராவது கேட்டால் வீட்டுக்கு வந்து நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

போட்டோவை மொட்டைமாடி நிழலில் காலை ஒன்பது மணிக்கு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும், நாலடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். படத்தை மட்டும் எடுக்காமல் உங்கள் கையில் பிடித்தோ சுவரில் மாட்டியோ ஒன்று எடுங்கள். அளவு தெரியாமல் யாரும் வாங்க மாட்டார்கள். நான் 8க்கு 10 படத்தை அனுப்பியபோது "இவ்வளவு சின்னதா?" என்று திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்று. அந்த நீலச் சொட்டு விஷயத்தை முகநூலில் எழுதினீர்களா? இங்கே எங்களிடம் சொன்னதைத்தான் கேட்கிறேன். எழுதியிருக்க மாட்டீர்கள், "மார்னிங் ஸ்ட்ரீட், வாட்டர்கலர்" என்று போட்டிருப்பீர்கள். சொட்டு விழுந்து சைக்கிள் வந்ததைச் சொன்னால் நாற்பது பேரில் ஒருவர் அந்தப் படத்தைக் கேட்பார்.

ஜனவரியில் இங்கே சித்திர சந்தைக்கு வாருங்கள். கர்நாடகச் சித்திரகலா பரிஷத் 2003லிருந்து நடத்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரகிருபா சாலை முழுக்கப் படங்கள்தான், நடக்கவே இடமிருக்காது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். முதல் வருஷம் பெரிய படங்களாகத் தூக்கிக்கொண்டு போனேன், எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரர் உள்ளங்கை அளவுப் படங்களை ஐந்நூறு ஐந்நூறாக விற்று முடித்துவிட்டுச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். அடுத்த வருஷம் நானும் சின்னது முப்பது, பெரியது நான்கு என்று போனேன். சின்னது வாங்கிய ஒரு அம்மா எட்டு மாதம் கழித்துப் பெரியது கேட்டுக் கூப்பிட்டார்.

பிரிண்ட் விற்பதென்றால் தனியாக விற்கலாம். நல்ல தாளில் இருபத்தைந்து மட்டும் போட்டு, ஒவ்வொன்றிலும் 1/25, 2/25 என்று பென்சிலில் எண்ணும் கையெழுத்தும். இருபத்தாறாவது போடக் கூடாது, அவ்வளவுதான். வெளிமாநிலத்துக்கு விற்க ஆரம்பித்தால் ஜி.எஸ்.டி. பற்றி ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். "உங்கள் படத்தை என்.எஃப்.டி.யாக (இணையத்தில் விற்கிற டிஜிட்டல் உரிமைச் சான்று) லட்ச ரூபாய்க்கு வாங்குகிறேன், முதலில் இந்தக் கட்டணத்தைக் கட்டுங்கள்" என்று ஒரு கூட்டம். பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி யு.பி.ஐ. பின் நம்பரைப் போடச் சொல்கிற கூட்டம் இன்னொன்று. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. விலையைக் குறைக்கச் சொல்லாமல், அளவைக் கூடக் கேட்காமல், உடனே வாங்குகிறேன் என்று வருகிறவரைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான். நிஜமாக வாங்குகிறவர் சோபா கலருக்குப் பொருந்துமா என்றாவது கேட்பார்.

அனுப்பும்போது நீர்வண்ணத்தைச் சுருட்ட வேண்டாம். வழுவழுப்பான பட்டர் தாள் மேலே, இரண்டு பக்கமும் சன்பேக் ஷீட் (விளம்பரப் பலகைக்குப் போடுகிற பிளாஸ்டிக் அட்டை), நாலு மூலையிலும் டேப். கண்ணாடியோடு கூரியரில் போடவே போடாதீர்கள். கேன்வாஸ் என்றால் பிளம்பிங் கடையில் நாலு அங்குல பி.வி.சி. குழாய் வாங்கி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி உள்ளே விடுங்கள்.


ஈரத்தாள்

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தேன்.

சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு கடைக்குப் போனேன். கல்லாவில் படத்தையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "உங்க சுவர்ல இருக்கிற படத்துல சைக்கிள் எங்க சார்?" என்று கேட்டேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். படத்தைச் சாய்த்து, சைக்கிள் பின்சக்கரத்துக்கு அடியில் அந்த நீலத்தைக் காட்டினேன். நல்ல வெளிச்சத்தில் இன்னும் தெரிகிறது.

அவர் கெட்டவர் இல்லை. "நான்தான் காசு கொடுத்துட்டேனே மேடம்" என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் படம் கேட்டிருக்கிறார்கள், மேனேஜர் போனில் இருந்ததை அனுப்பியிருக்கிறார், நம்பர் போட இடம் வேண்டுமென்று அவர்கள் மூலையை வெட்டிவிட்டார்கள். கோபப்பட்டுப் போனவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. "ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கங்க" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணில் ஒரு நொடி ஆசை தெரிந்தது. நான் பத்தாயிரம் என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் எண் வந்துவிட்டது. ஏழாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. இந்த வருஷக் காலண்டருக்கு மட்டும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த வருஷத்துக்கு வேறு படம் வேண்டுமாம், கீழே என் பெயரோடு. பார்க்கலாம்.

நீலச் சொட்டுக் கதையை முகநூலில் எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அந்தச் சைக்கிள் படத்தையே கேட்டார். 3,960 என்று உடனே சொன்னேன். சோபா கலர் கேட்கவில்லை, ஆனால் "மெரூன் சுவருக்கு எடுபடுமா" என்று கேட்டார், அதனால் நிஜ ஆள்தான் என்று முடிவு செய்தேன். பணம் வந்துவிட்டது. நோட்டில் எண் 1, பக்கம் 1.

நாளைக்குக் கூரியர். சன்பேக் ஷீட் பிளக்ஸ் கடையில் கேட்டேன், பழைய விளம்பரப் பலகையையே வெட்டிச் சும்மா கொடுத்துவிட்டார்கள். உள்ளே என் தெரு, வெளியே யாருடையதோ காதணி விழாவுக்கு வாழ்த்து.